கொட்டுக்காளியைத் தியேட்டரில் விட்டது தப்பா?

ரீல்பெட்டி:
2024 ஆகஸ்ட் 23, ஒரே வெள்ளிக்கிழமை ‘வாழை’யும் ‘கொட்டுக்காளி’யும் வந்தன. வாழைக்குக் கூட்டம் கூடியது. கொட்டுக்காளியை, “இது விருது விழாப் படம், தியேட்டருக்குக் கொண்டுவந்தே இருக்கக் கூடாது” என்று சினிமாவில் இருப்பவர்களே சொன்னார்கள். நேற்று ஓடிடியில் இன்னொரு தடவை பார்த்தேன். அந்தப் பேச்சின் மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

பின்னணி இசையே இல்லாத படம். வண்டிச் சத்தம், காற்று, சேவல், அவ்வளவுதான். மாமனைக் கட்ட மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கும் பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றி, பின்னாலும் முன்னாலும் பைக்கில் ஆண்கள் காவல் வர, சாமியாடியிடம் கொண்டுபோகிறார்கள். அவள் வாயே திறப்பதில்லை என்று சொல்லிவிடலாம். போனில் பார்த்தால் நடுவில் நாலு தடவை வாட்ஸ்அப் வந்துவிடுகிறது. இருட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் இது. இப்படிப்பட்ட படங்களை முதல் மூன்று நாளுக்குள் காசு கொடுத்துப் பார்ப்பது நம் வேலை என்பேன்.

கணக்குப்பிள்ளை:
அந்த “நம் வேலை”யில்தான் எனக்குத் தகராறு. நான் முதல் நாள் மாலைக் காட்சிக்குப் போனவன். டிக்கெட் 190 ரூபாய், நாங்கள் மூன்று பேர், பார்க்கிங், பாப்கார்ன். போஸ்டரில் சூரி. அந்த மே மாதக் கடைசியில் வந்த ‘கருடன்’ பார்த்துவிட்டு அம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது, அதனால்தான் கூட்டிப்போனேன். விளக்கு எரிந்ததும் அம்மா கேட்டார், “முடிஞ்சிருச்சாப்பா?” பின் வரிசையில் ஒருவர் திரையைப் பார்த்துத் திட்டினார். நான் திட்டவில்லை. ஆனால் ஏமாந்த மாதிரிதான் இருந்தது. என்ன மாதிரிப் படம் என்று முன்கூட்டியே சொல்லி விற்றிருக்க வேண்டாமா?

சும்மா_வந்தவன்:
ப்ரோ, இதே கதைதான் எப்போதும். 2003 பொங்கலுக்கு ‘அன்பே சிவம்’ வந்தபோது ஊரே ‘தூள்’ பார்க்கப் போனது. இன்றைக்கு எல்லோர் ஸ்டேட்டஸிலும் அன்பே சிவம். 2010 பொங்கலுக்கு வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ புரியவில்லை என்றார்கள், 2021 டிசம்பர் 31 அன்று மறுபடி வெளியிட்டபோது விசில் அடித்துப் பார்த்தார்கள். நம் ஆட்களுக்கு எதுவும் பத்து வருஷம் கழித்துத்தான் புரியும். ஒரிஜினல் படத்தைத் தூக்கிவிடாத ஊர் உருப்படாது.

கணக்குப்பிள்ளை:
ஜெயித்த இரண்டு குதிரையை மட்டும் காட்டுகிறீர்கள் தம்பி. “புதுமுயற்சி” என்று போஸ்டர் ஒட்டி வந்து, அன்றும் மொக்கையாக இருந்து இன்றும் மொக்கையாகவே இருக்கிற படங்கள் எத்தனை? அவற்றுக்கு யாரும் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை. இன்னொன்று. வாழை என்ன மசாலா படமா? 2015இல் ‘காக்கா முட்டை’ என்ன ஃபார்முலா? இரண்டு பொடியன்களுக்குப் பீட்சா தின்ன ஆசை, அவ்வளவுதான் கதை. அம்மா இரண்டையும் ரசித்துப் பார்த்தார். புதுசாக இருப்பது வேறு, பார்ப்பவனைக் கூட்டிக்கொண்டு போவது வேறு.

பழைய_டாக்கீஸ்:
எங்கள் மாமா தியேட்டரை லீசுக்கு எடுத்து நடத்தியவர், கல்லூரி நாட்களில் கவுண்டரில் நான் உட்கார்ந்திருக்கிறேன். திங்கள்கிழமை மேட்னிதான் தீர்ப்பு. ஞாயிறு வரை சொந்தக்காரன், ரசிகர் மன்றம், வேலையற்றவன் எல்லாரும் வருவான். திங்கள் மதியம் அறுநூறு சீட்டில் பதினைந்து பேர் என்றால் கரண்டு பில்லுக்கும் கட்டாது. வியாழனுக்குள் இரவுக் காட்சி வேறு படத்துக்குப் போய்விடும். “நல்ல படமாம், அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று சொல்கிறவர்களுக்கு அடுத்த வாரமே கிடையாது. பெரிய ஹீரோ படத்துக்கு இந்தக் கஷ்டம் இல்லை. நன்றாக இல்லை என்று ஊருக்குத் தெரியும் முன்பே வசூலில் பெரும்பகுதி வந்துவிடும்.

அதற்காகத் தியேட்டர்காரரைக் குறை சொல்லாதீர்கள். மாமா கடைசியில் கேன்டீன் காசில்தான் சம்பளம் போட்டார்.

கணக்குப்பிள்ளை:
அண்ணன் சொல்வது நியாயம். அப்படியானால் நேராக ஓடிடிக்குக் கொடுத்துவிட வேண்டியதுதானே?

ரீல்பெட்டி:
அதையும் செய்து பார்த்தாயிற்று. கொட்டுக்காளியை இயக்கிய இதே வினோத்ராஜின் முதல் படம் ‘கூழாங்கல்’. 2021இல் ராட்டர்டாம் பட விழாவில் டைகர் விருது வாங்கியது, அந்த வருஷம் இந்தியா ஆஸ்கருக்கு அனுப்பியதும் அதைத்தான். இங்கே தியேட்டருக்கு வரவில்லை. 2023 அக்டோபரில் ஓடிடியில் வந்தது. உங்கள் தெருவில் எத்தனை பேர் பார்த்தார்கள், கேட்டுப் பாருங்கள். கொட்டுக்காளியைத் தியேட்டரில் விட்டதால்தான் ஒன்றரை வருஷம் கழித்தும் நீங்களும் நானும் சண்டை போடுகிறோம். திட்டிய அந்தப் பின் வரிசைக்காரர்கூட வெளியே போய் நாலு பேரிடம் பேசியிருப்பார்.

சூரியின் முகத்தைப் போட்டு விற்றது பற்றி நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அது தப்பான கூட்டத்தைக் கூட்டிவந்தது. ஆனால் அவர் இல்லாவிட்டால் அத்தனை ஸ்கிரீன் கிடைத்திருக்காது. இதற்கு என்னிடம் விடை இல்லை.

சும்மா_வந்தவன்:
யூடியூப் விமர்சகர்களை விட்டுவிட்டீர்களே. ‘மெய்யழகன்’ நீளம் நீளம் என்று கத்தி, வெளியான பிறகு 18 நிமிஷத்தை வெட்டவைத்தார்கள். வாசலில் மைக் நீட்டுவதைத் தடை செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ரீல்பெட்டி:
அதில் உங்களோடு நான் இல்லை. 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பு அதைத்தான் கேட்டது, வழக்கும் போனது, சென்னை உயர் நீதிமன்றம் விமர்சனத்துக்கு இடைக்காலத் தடை போட மறுத்தது. சரிதான். பெரிய படத்துக்கு ஊரெல்லாம் பேனர் இருக்கிறது. சின்னப் படத்துக்கு யாராவது ஒருத்தன் “போய்ப் பாருங்கய்யா” என்று எழுதினால்தான் உண்டு. அந்த வாயையும் அடைத்தால் நஷ்டம் யாருக்கு?

கணக்குப்பிள்ளை:
ஒன்று சொல்கிறேன், கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அம்மா அந்தப் படத்தை மறக்கவில்லை. ரோட்டை மறித்து நிற்கும் மாட்டைப் பார்த்து அத்தனை ஆம்பளைகளும் ஒதுங்க, ஒரு சின்னப் பெண் வந்து ஓட்டிப்போவாளே, அதை அத்தைக்குப் போனில் சொல்லிச் சிரித்தார். நேற்றும் கேட்டார், “அந்தச் சாமியாடி பண்ணுறத மாமன்காரன் பார்த்தான்ல, அப்புறம் இவள உள்ள விட்டானா இல்லையா?” என்ன சொல்வது?

ரீல்பெட்டி:
விட்டிருக்க மாட்டான். கடைசியில் அந்த முகத்தைப் பாருங்கள்.

பழைய_டாக்கீஸ்:
விட்டிருப்பான். பின்னால் அத்தனை பேர் நிற்கிறார்கள். அவ்வளவு தூரம் வந்தவன் வெறுங்கையோடு வண்டியைத் திருப்புவானா?

சும்மா_வந்தவன்:
ஏங்க, முடிவைச் சொல்வதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை போட மாட்டீர்களா? நான் இன்னும் படமே பார்க்கவில்லை.