சப்ஸ்டான்டிவிட்டி: ‘தங்குதிறன்’ சரிப்படுமா?

அண்ணாச்சி, சப்ஸ்டான்டிவிட்டி (substantivity) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாக நீங்கள் சொன்ன ‘நிலைப்புத்தன்மை’ எனக்கு ஒப்பவில்லை. மருந்து குப்பிக்குள் கெடாமல் இருப்பதையும் அதே சொல்லால்தானே சொல்கிறோம்? இங்கே பேச்சு குப்பியைப் பற்றி இல்லை, மருந்தைக் கொப்பளித்துத் துப்பிய பிறகு வாயில் என்ன மிச்சம் நிற்கிறது என்பதைப் பற்றி.

போன மாதம் அம்மைக்கு ஈறு வீங்கி, பல் தேய்த்தாலே ரத்தம். மார்த்தாண்டத்தில் பல் டாக்டர் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தார்; 10 மில்லி, காலையும் இரவும், இரண்டு வாரம். வீட்டில் ஏற்கெனவே தைமோல், யூகலிப்டால், மெந்தால் கலந்த மவுத்வாஷ் ஒன்று இருந்தது. “அதுதான் நல்லா எரியுதே, அது போதாதா?” என்றாள். எரிவது வேறு, தங்குவது வேறு என்று சொல்ல வந்தபோதுதான் கையில் சொல் இல்லை என்று தெரிந்தது.

குளோர்ஹெக்சிடின் நேர்மின்சுமை உள்ளது. பல்லின் மேலும் கன்னத்தின் உட்புறத்திலும் இருக்கிற எதிர்மின்சுமையில் போய் ஒட்டி, அப்புறம் 12 மணி நேரம் வரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வேலை செய்கிறது. மவுத்வாஷ்களில் வரும் இன்னொரு கிருமிக்கொல்லியான செட்டில்பிரிடினியமும் ஒட்டும், ஆனால் சீக்கிரம் விட்டுவிடும். தைமோல் வகைக்குப் பிடிப்பு இன்னும் குறைவு (அதற்காக அது வீண் இல்லை, மாதக்கணக்கில் விடாமல் கொப்பளித்தால் ஈறு அழற்சி குறையத்தான் செய்கிறது).

‘ஒட்டுதிறன்’ பசைக்குச் சரி. ஒட்டியே கிடந்தால் என்ன பயன், விடவும் வேண்டுமே. தங்குகடல் என்று மீன்பிடியில் ஒரு சொல் உண்டு, தூத்தூர் மீனவர்களுக்கு விளக்க வேண்டாம்: அன்றே கரை திரும்பாமல் நாள்கணக்கில் கடலில் கிடந்து தொழில் செய்வது. சும்மா கிடப்பதில்லை, கிடந்து தொழில் செய்வது. அந்தப் பொருளில்தான் ‘தங்குதிறன்’ என்கிறேன். சாயத்தொழிலிலும் இதே ஆங்கிலச் சொல் இருக்கிறது, நூல் சாயத்தை இழுத்துப் பிடிப்பதற்கு. அங்கே ‘சாயப்பற்று’ என்று வைத்துக்கொள்ளலாம், இரண்டுக்கும் ஒரே சொல் என்று பிடிவாதம் வேண்டாம்.

ஒட்டித் தங்குவதில் ஒரு வம்பும் உண்டு. பத்தாம் நாள் அம்மையின் முன்பல்லில் பழுப்பு ஏறிவிட்டது, பால் சேர்க்காத கட்டன் சாயாவை அவள் நிறுத்தினால்தானே.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “குளோர்ஹெக்சிடினின் தங்குதிறன் அதிகம், பற்பசையில் நுரைக்காக உள்ள சோடியம் லாரில் சல்பேட் அதைக் கெடுக்கும் என்பதால் பல் தேய்த்து அரை மணி நேரம் கழித்துக் கொப்பளிக்கவும்.” அம்மையிடம் வாசித்துக் காட்டினேன். தங்குதிறனில் தடுக்கவில்லை, சோடியம் வரை கேட்டுவிட்டு, “அப்போ சாயா எப்போ குடிக்க?” என்றாள்.