ஆறு சர்வர் டிஸ்க்குகளை ஒரே ஸ்டோரேஜுக்கு மாற்றலாமா?

கேள்வி: வணக்கம். ஆறு சர்வர், ஒவ்வொன்றிலும் 4 டிபி. இரண்டு 90% நிரம்பிவிட்டன. மற்ற நான்கில் பாதிகூட நிரம்பவில்லை. ஐஸ்கஸி ஸ்டோரேஜ் (நெட்வொர்க் வழியாகப் பல சர்வருக்கும் டிஸ்க் இடம் தரும் பொதுப் பெட்டி) வாங்கினால் என்ன லாபம்?

பதில் 1: முடங்கிக் கிடக்கும் 8 டிபிக்கு மேற்பட்ட இடம் பொதுவாகிவிடும். நிரம்பும் சர்வருக்கு அதன் லன்னை (பெட்டியில் அந்த சர்வருக்கு ஒதுக்கிய டிஸ்க் பகுதி) பெரிதாக்கி, பிறகு ஃபைல் சிஸ்டத்தையும் விரித்தால் போதும். சர்வர் படுத்தால் அதே லன்னை இன்னொரு சர்வரோடு இணைத்து (மேப் செய்து) எழுப்பலாம். ஆனால் கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் (பல சர்வர் ஒரே டிஸ்க்கில் எழுதுவதை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) இல்லாமல் ஒரே லன்னை இரண்டு சர்வரில் மவுன்ட் செய்யவே கூடாது, டேட்டா சிதைந்துவிடும்.

பதில் 2: நெட்வொர்க்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். தனி விலேன் (ஸ்டோரேஜுக்கென்றே பிரித்த நெட்வொர்க்), இரண்டு ஸ்விட்ச், மல்டிபாத் (ஸ்டோரேஜுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாதை) அவசியம். எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 9000 வைத்தால் சர்வர், ஸ்விட்ச், ஸ்டோரேஜ் மூன்றிலும் வையுங்கள். ஸ்விட்ச் மட்டும் 1500-இல் நின்றால் லாகின் ஆகும், சாதாரண பிங்கும் போகும். பெரிய ஃபைல் எழுதும்போதுதான் தொங்கும். 8972 பைட் பிங்கை (9000-இல் தலைப்புக்கு 28 பைட் போக மீதி), பாக்கெட்டை உடைக்காத அமைப்போடு அனுப்பிப் பாருங்கள்.

பதில் 3: தின் ப்ரொவிஷனிங் (இருப்பதைவிட அதிக இடம் இருப்பதாகக் காட்டி, எழுத எழுத ஒதுக்குவது) என்றால் 75%-இலேயே அலர்ட் வையுங்கள். பூல் (எல்லா லன்னுக்கும் பொதுவான டிஸ்க் இடம்) நிரம்பினால் ஆறு சர்வரிலும் எழுதுவது ஒருசேர நின்றுவிடும். பெட்டியை இயக்கும் கன்ட்ரோலர் இரண்டு இருக்கட்டும். அதே பெட்டிக்குள் உள்ள ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து டேட்டா நிலையின் பதிவு) பேக்கப் ஆகாது. இன்னொரு பிரதி வெளியே இருக்க வேண்டும்.