மனசுக்கு ஒப்பாத சட்டத்தை போலீஸ்காரர் அமல்படுத்தணுமா?

கேள்வி:
சிறு அளவு கஞ்சா வைத்திருப்பதைக் குற்றமாக்கும் சட்டமே தப்பு என்று ஒரு போலீஸ்காரர் நினைக்கிறார். கண்டும் காணாமல் விட்டுவிட அவருக்கு உரிமை உண்டா? "மேலே சொன்னாங்க, செய்தேன்" என்பது எதுவரை செல்லும்?

பதில் 1:
பிடிக்காத சட்டம் வேறு, சட்டவிரோதமான உத்தரவு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. இரண்டாவதை மறுப்பது கடமை. 1979-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற காவலர் நடத்தை விதிகளில் 5-வது பிரிவு, சித்திரவதைக்கு மேலதிகாரியின் உத்தரவைச் சாக்காகக் காட்ட முடியாது என்கிறது. போலீஸ் பலத்தையும் துப்பாக்கியையும் பயன்படுத்துவது பற்றிய 1990-ன் ஐ.நா. ஹவானா கோட்பாடுகளோ, முறைகேடாகச் சுடச் சொன்ன உத்தரவை மறுத்தவர் மீது ஒழுங்கு நடவடிக்கையே கூடாது என்கின்றன. பிடிக்காத சட்டத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

பதில் 2:
நடைமுறையில் சிக்கல் வெளிப்படையாக மறுக்கிறவரால் வருவதில்லை, சத்தமில்லாமல் விட்டுவிடுகிறவரால்தான் வருகிறது. ஒரே குற்றத்துக்குக் காலை ரோந்தில் எச்சரிக்கை, இரவு ரோந்தில் வழக்கு என்றால், மாட்டியவரின் வக்கீல் பாரபட்சம் என்று கோர்ட்டில் பிடித்துக்கொள்வார்.

எச்சரித்து அனுப்ப சட்டத்தில் இடம் இருந்தால் அனுப்பலாம். ஆனால் நேரம், இடம், கைப்பற்றிய பொருள், விட்டதற்கான காரணம் நாலையும் அன்றைக்கே நோட்டில் எழுதணும். காரணம் சம்பவத்தைப் பற்றியதாக இருக்கணும்: முதல் தடவை, விற்பனைக்கான அறிகுறி இல்லை, இந்த மாதிரி. "சட்டமே சரியில்லை" என்று எழுதினால் விசாரணையில் நிற்காது. குடும்ப வன்முறையில் அமெரிக்காவின் சில மாநிலங்களைப் போல கைது கட்டாயம் என்றிருந்தால் இந்த வழியும் அடைபட்டுப் போச்சு.

மறுக்கிறதானால் டூட்டி பிரிக்கும்போதே சொல்லிடணும். இடத்துக்குப் போய் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், கூட வந்தவர் தனியாக மாட்டிக்கொள்வார். உத்தரவில் சந்தேகம் இருந்தால் எழுத்தில் கேளுங்க. கேட்டதுமே காணாமல் போகிற உத்தரவுகளும் உண்டு.

பதில் 3:
ஏட்டுக்கு மட்டும் இல்லை, கமிஷனருக்கும் எல்லை உண்டு. லண்டனில் சூதாட்டச் சட்டத்தை அமல்படுத்தாத போலீஸ் கொள்கை மீதான 1968 பிளாக்பர்ன் வழக்கில், எதற்கு முன்னுரிமை என்பதைப் போலீஸ் முடிவு செய்யலாம், ஒரு சட்டத்தையே மொத்தமாகக் கிடப்பில் போட்டால் நீதிமன்றம் தலையிடலாம் என்று சொன்னார்கள்.

ஆனால் 'நோட்டில் எழுது' என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் போலீஸ் கேப்டன் பால் குருனிங்கர், 1938-ல் எல்லை மூடிய பிறகு வந்த யூத அகதிகளை, மூடுவதற்கு முன்பே வந்ததாக ஆவணத்தில் முன்தேதி போட்டு உள்ளே விட்டார். உண்மையை எழுதியிருந்தால் அவர்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். 1939-ல் வேலை போச்சு, 1940-ல் தண்டனை. அந்தத் தீர்ப்பு ரத்தானது 1995-ல். அவர் 1972-லேயே இறந்துவிட்டார்.

பதில் 2:
குருனிங்கர் விஷயத்தில் மறுப்பில்லை. அங்கே பணயம் அகதிகளின் உயிர்; பென்ஷன் உட்பட எல்லாவற்றையும் அவரே இழந்தார். கஞ்சா பொட்டலத்துக்கு அந்த அளவுகோல் வேண்டாமே. சட்டம் மாறணும் என்றால் சங்கம் வழியாகவோ, சீருடையில் இல்லாதபோது மனுவாகவோ சொல்லலாம். பொது இடத்தில் அரசியல் பேச உங்க பணி விதி எவ்வளவு இடம் தருகிறது என்று மட்டும் முதலில் பார்த்துக்கோங்க.