இடுப்பு, முட்டி, கழுத்து: உழைச்சு உழைச்சே இதெல்லாம் போனவங்க உங்க வீட்டுல உண்டா? நடந்ததை எழுதுங்க

வெண்ணாத்தங்கரை:
அம்மாவுக்கு இப்ப 63, நெல் நடவுக்குப் போறவங்க. நடவு எப்படின்னு உங்களுக்கு நான் சொல்லணுமா, காலைல எறங்கினா மத்தியானம் வரைக்கும் குனிஞ்சது குனிஞ்சதுதான், இடது கையில நாத்து முடி, அந்த முழங்கையை தொடையில ஊனிக்கிட்டு வலது கை மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும், பின்னாடியே நகரணும். நான் சின்னப்ப ஸ்கூல் விட்டு வந்ததும் திண்ணையில குப்புறப் படுத்து "ஏறி மிதிடா"ம்பாங்க. சுவத்தைப் புடிச்சுக்கிட்டு இடுப்புல ஏறி நிப்பேன், நெட்டி உடையும், "ஆங் அங்கதான்"ம்பாங்க. போன சம்பாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன், ஆள் பத்தலன்னு கூப்புட்டாங்கன்னு நாலு நாள் நடவுக்குப் போயிட்டு வந்தாங்க. நான் போன்ல பேசிக்கிட்டு இருக்கேன், அதே திண்ணையில குப்புறப் படுத்து "ஏறி மிதிடா"ங்கறாங்க. நான் 84 கிலோ. சிரிச்சுட்டேன். அவங்க சிரிக்கல, கண்ணை மூடிக்கிட்டு காத்துக்கிட்டே கெடந்தாங்க. கையால அமுக்கி விட்டேன். "இது பத்தல"ன்னுட்டாங்க.

சிப்பம் 40:
நெல் கொள்முதல் நிலையத்துல 11 வருஷம் லோடு தூக்கினவன் நான். சிப்பம்னா நெல் மூட்டை, ஒண்ணு 40 கிலோ. மூட்டை அடுக்குற அட்டி ஒசர ஒசர பலகை செங்குத்தாயிடும், தலையில மூட்டையோட அதுல ஏறணும், மழை வந்துட்டா வழுக்கல் வேற. அங்க எனக்கு ஒண்ணும் ஆகல. சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளிக்கலாம்னு கீழ கெடந்த சொம்பை எடுக்க குனிஞ்சேன். சொம்புங்க. தண்ணிகூட இல்லாத சொம்பு. சுருக்குன்னு ஒண்ணு இடுப்புலேர்ந்து கால் கட்டைவிரல் வரைக்கும் ஓடுச்சு, அப்படியே ரெண்டு கையையும் தரையில ஊனி மாடு மாதிரி நிக்கிறேன், நிமிரவும் முடியல படுக்கவும் முடியல, எம்பொண்ணு வெளையாட்டுன்னு நெனச்சு முதுகுல ஏறப் பாத்துச்சு. ஸ்கேன்ல எல்4 எல்5னு இடுப்பு முதுகெலும்பு ரெண்டுக்கும் நடுவுல இருக்குற டிஸ்க் பிதுங்கிருக்குன்னாங்க. டீக்கடையில இன்னமும் "சொம்பு தூக்கி இடுப்பு போனவன்"னுதான் எனக்குப் பேரு.

குடந்தை பிசியோ:
முதல் பதிவு போட்டவருக்கு: ஏறி மிதிக்கிறது ரொம்பத் தப்பு, நீங்க சிரிச்சதோட விட்டது நல்லதாப்போச்சு. 60 தாண்டின பொம்பளைங்க பலருக்கு எலும்பு தேஞ்சிருக்கும், மிதிச்சா முதுகெலும்பு நொறுங்கலாம். சிப்பம் அண்ணே, சொம்பு மேல பழி போடாதீங்க, டிஸ்க்கோட வெளி வளையம் வருஷக்கணக்கா கொஞ்சங்கொஞ்சமா கிழிஞ்சுக்கிட்டு வந்திருக்கும், சொம்பு எடுத்தப்ப பிதுங்கிடுச்சு அவ்வளவுதான். அமெரிக்காவுல நியோஷ்னு வேலைப் பாதுகாப்பை ஆராயுற ஒரு அரசு நிறுவனம், எல்லாம் தோதா அமைஞ்சாலும் 23 கிலோவுக்கு மேல கையால தூக்காதீங்கங்குது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967ல ஆம்பளைக்கு 55 கிலோ வரைக்கும்னு பரிந்துரை பண்ணுச்சு. ரெண்டுக்கும் எவ்ளோ தூரம் பாருங்க. தூக்கறப்ப முட்டியை மடக்குங்க, பாரத்தை ஒடம்போட ஒட்டி வைங்க, தூக்கிக்கிட்டே இடுப்பைத் திருப்பாதீங்க, கால் நவுரும்போது ஒடம்பும் சேர்ந்து திரும்பணும். மெடிக்கல்ல தானா வலி மாத்திரை வாங்கி மாசக்கணக்கா போடாதீங்க, கிட்னி போயிடும். கால் மரத்து அதோட ஒண்ணுக்குப் போறதுலயும் கோளாறு வந்தா அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும், விடியட்டும்னு இருக்கக் கூடாது. அம்மாவுக்கு தெனம் காலைல கையும் முட்டியும் ஊனி முதுகை மெதுவா ஏத்தி எறக்கச் சொல்லுங்க, 10 தடவை போதும். என் கதைன்னா, எங்க தாத்தா மூட்டை தூக்கி கூன் விழுந்தவரு.

சிப்பம் 40:
தம்பி, மூட்டையை நாங்க எங்க தூக்குறோம், ரெண்டு பேர் புடிச்சு தலையில ஏத்தி விடுவாங்க, நமக்கு கழுத்தும் காலும்தான் வேலை. 40 கிலோவை ஒடம்போட ஒட்டி வச்சா பலகையில எப்படி ஏறுறது? வந்து காட்டுங்க.

நாடாக்காரன்:
திருபுவனம் பக்கம், அப்பா குழித்தறி நெசவு. காலை குழிக்குள்ள தொங்கவிட்டு மிதிச்சுக்கிட்டே முன்னாடி சாஞ்சு 40 வருஷம். நெஞ்ச துணியைச் சுத்துற படமரம் வயித்துல படுற எடத்துல கோடு போட்ட மாதிரி கருத்துப்போய் காய்ச்சிருக்கு. தறியை வித்து 3 வருஷம் ஆச்சு. இப்ப தரையில சம்மணம் போட முடியல, நாற்காலியில ஒக்காந்தாலும் ஒருமாதிரி இருக்குங்கறாரு. சோறு திங்கணும்னா திண்ணை ஓரத்துக்குப் போய் காலைத் தெருப்பக்கம் தொங்கப் போட்டுக்குவாரு. போன வாரம் பாத்தேன், சாப்புடுறப்ப வலது கால் தானா மிதிச்சுக்கிட்டு இருக்கு. அவருக்குத் தெரியல. நானும் சொல்லல.

கடைமடை:
எல்லாரும் நடவு நடவுன்னு அழுவுறீங்க, இப்பதான் மெஷின் வந்துடுச்சே, மெஷினுக்குத் தோதா நாத்தைப் பாய் மாதிரி வளக்குற பாய் நாத்தங்கால் போட்டா ஒரு நாள்ல எவ்வளவோ நட்டுடலாம். வாய்க்கால் முடியுற எங்க கடைமடைல பாதிப்பேர் நேரடி விதைப்புக்கே போயாச்சு.

வெண்ணாத்தங்கரை:
அண்ணே, மெஷின் திரும்புற மூலையில யாரு நடுறா? நாத்து விழாம போன எடத்தை யாரு நிரப்புறா? நேரடி விதைப்புல களை எவ்ளோ மண்டும்னு கடைமடைக்காரர் உங்களுக்கு நான் சொல்லணுமா, அதையும் குனிஞ்சுதான் புடுங்கணும். பிசியோ சார், நீங்க சொன்ன எக்சர்சைஸை நானே தரையில செஞ்சு அம்மாவுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்தாங்க, "களையெடுக்கச் சொல்றாரா அந்த டாக்டரு"ன்னு கேக்குறாங்க.