தளத்துக்குப் பணம் சேர்க்கப் போய்ச் சந்தித்தவர்கள்

உறுப்பினர், ஹட்டன்:

கடந்தகால வினாத்தாள்கள், பாட விளக்கங்கள், ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு யாரோ ஒரு ஆசிரியர் எழுதிய பதில். எங்கள் இணையத்தளத்தில் இருப்பது இவ்வளவுதான். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது ஆசிரியர்கள் சிலரும், கொழும்பில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலரும் சேர்ந்து தொடங்கினோம். முதலாளி என்று யாரும் இல்லை, விளம்பரமும் இல்லை.

செலவு என்று பார்த்தால் மென்பொருள் இலவசம். எல்கே (.lk) என்று முடியும் இணைய முகவரிக்கு ரூபாயிலேயே கட்டிவிடலாம். சர்வர் வாடகைதான் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் சொச்சம். மத்திய வங்கி ரூபாயைப் பிடித்து வைப்பதை விட்டதும் மே மாதத்துக்குள் 360 வரை போய்விட்டது. தளத்தில் ஒரு பக்கம்கூட கூடவில்லை, வாடகை மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் பேபாலில் அனுப்புகிறோம் என்றார்கள். ஆனால் இலங்கைக் கணக்கில் பேபால் வழியாகப் பணம் வாங்க அப்போது வழியில்லை. சரி, உள்ளூரிலேயே கேட்போம் என்று தளத்தின் முகப்பில் ஒரு தொலைபேசி இலக்கத்தைப் போட்டோம்.

முதலில் வந்த அழைப்புகளில் ஒன்று பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து. கொழுந்து பறிக்கும் அக்கா. மகள் சாதாரண தரம் எழுதப் போகிறாள். "தம்பி, பத்தாந்தேதி சம்பளம். அன்னைக்கு இந்த நம்பருக்கு நூறு ரூபா ரீலோட் போட்டு விடறேன். அதைக் கணக்குல சேர்த்துக்கங்க" என்றார். நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்த நேரம் அது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் போடுவார்கள். வேண்டாம் அக்கா, பிள்ளை படிக்கட்டும் என்றேன். அவர் விடவில்லை.

"சும்மா வாங்கிக்கிட்டா நாளைக்கு எப்படிக் கேள்வி கேக்கிறது? மகள் போட்ட கணக்குக்கு ஒரு வாரமா பதிலே வரலையே."

அன்றிரவே கணித ஆசிரியர் ஒருவரைப் பிடித்துப் பதில் எழுத வைத்தோம். அதற்குப் பிறகு அந்த நூறு ரூபாயை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தத் தளம் தன்னுடையது என்று அவர் சொன்ன விதம் அது.

இதற்கு நேர் எதிரான ஒருவரையும் சந்தித்தேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றின் ஆள். ஹட்டன் டவுனில் ஒரு கடையில் உட்கார்ந்து பேசினோம். மரியாதையான மனிதர், தேத்தண்ணிக்குக்கூட அவரே காசு கொடுத்தார். ஒரு வருட வாடகை முழுவதையும் தாங்களே கட்டுவதாகச் சொன்னார். முகப்பில் நிறுவனத்தின் சின்னம் வர வேண்டும். அதோடு உயர்தரம் எழுதிய பிள்ளைகளின் போன் இலக்கங்களும் வேண்டுமாம். பரீட்சை முடிந்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் வயது அது. அந்த இலக்கங்களை நம்பிக் கொடுத்தவர்கள் அவர்களின் பெற்றோர். அந்த இடத்திலேயே முடியாது என்று சொல்லிவிட்டேன், எங்கள் குழுவிலும் யாரும் மாற்றிப் பேசவில்லை. பெரிய தொகை ஒரே கையிலிருந்து வந்தால் அடுத்த வருடம் அந்தக் கை என்ன கேட்கும் என்று யாருக்கும் தெரியாது. நூறு, இருநூறு என்று பலர் கொடுத்தால் ஒருவர் விலகினாலும் தளம் நிற்காது.

தோட்டத்து ஆட்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மரண உதவிச் சங்கத்துக்கு மாதச் சந்தா கட்டி, கூட்டத்தில் கணக்கு வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நாங்களும் அப்படியே மாதக் கணக்கைத் தளத்தில் போடுகிறோம்: வரவு, வாடகை, மீதி. கணக்குப் போட இரண்டு நாள் தாமதமானாலும் போன் வரும். அந்தப் போன் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

உறுப்பினர், பண்டாரவளை:

பணம் சேர்ப்பதைப் பற்றி அண்ணன் எழுதிவிட்டார். செலவைக் குறைத்தது பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்கள். கரண்ட் போனால் பல இடங்களில் சிக்னலும் போய்விடும். அது வரும் கொஞ்ச நேரத்துக்குள் பிள்ளைகள் வினாத்தாளை இறக்கியாக வேண்டும். போனில் படம் பிடித்து அப்படியே ஏற்றிய தாள்கள் அவ்வளவு பாரம். டேட்டா கார்ட் போட்டுப் படிக்கிற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய செலவு! எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் எல்லாத் தாளையும் ஒவ்வொன்றாகக் கறுப்பு வெள்ளையாக்கி, அளவைச் சுருக்கிக் கொடுத்தான். சர்வரில் இடம் மிஞ்சியது, குறைந்த வாடகைக்கு மாறினோம். அவன் ஒரு சதம்கூடத் தரவில்லை. ஆனால் கணக்கில் முதலில் அவன் பெயர்தான் வர வேண்டும் என்பேன்.

இன்னொருவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். பல வருடக் குறிப்புகளை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்தார். "காசு தர வசதியில்லை மிஸ், இது ஆகுமா?" என்று கேட்டார். எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. பார்க்கத் தமிழாக இருக்கும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. அதனால் தேடினால் அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றி, மாற்றும்போது சிதைந்த எழுத்துகளைத் திருத்த நாங்கள் ஐந்தாறு பேர் பல இரவுகள் உட்கார்ந்தோம். இன்று தளத்தில் அதிகம் பேர் திறப்பது அந்தக் குறிப்புகளைத்தான். அவர் சொன்னதற்குப் பிறகு, பணம் தர முடியாதவர்கள் தட்டச்சு செய்து தரலாம், திருத்தித் தரலாம் என்றும் அறிவிப்பில் சேர்த்துவிட்டோம்.

உறுப்பினர், பதுளை (இப்போது கத்தாரில்):

அக்கா சொன்ன குறிப்புகளை என் தங்கச்சியும் படித்திருக்கிறாள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இலங்கைத் தமிழ் நூல்களையும் ஏடுகளையும் இணையத்தில் சேர்த்து வைக்க 2005 முதல் இயங்கும் 'நூலகம்' திட்டத்தைப் பாருங்கள். மலையக ஏடுகள்வரை அங்கே இலவசமாகப் படிக்கலாம். நன்கொடையாலும் தன்னார்வலர்களாலும்தான் இத்தனை வருடம் நின்றிருக்கிறது. ஒருவர் போனால் இன்னொருவர் பிடித்துக்கொள்ள அங்கே ஆள் இருக்கிறது. நம் தளத்தின் முகவரி ஒருவர் பெயரில், கட்டணம் அவருடைய அட்டையில், கடவுச்சொல்லும் அவரிடம். நம்மில் யார் எப்போது வெளிநாடு போவோம் என்று சொல்ல முடியுமா? கடவுச்சொல்லை இன்னும் இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்கள், அதில் ஒருவர் ஊரிலேயே இருப்பவராக இருக்கட்டும். வாடகையை இங்கிருந்து என் அட்டையில் கட்டலாம். பற்றுச்சீட்டை மாதக் கணக்கோடு போட்டுவிடுங்கள்.