அவசர உதவி: கப்பல் தரவைத் திருத்தினேன், இப்போது ஏவுகணை சுடவே மாட்டேன் என்கிறது

அலைமோதி (வியாழன், இரவு 10.40)
வணக்கம். நம் கடற்போர்க் கணினி ஆட்டத்தின் தரவுத்தளத்தில் ஒரு கப்பலின் ஆயுதப் பட்டியல் தப்பாக இருந்தது, உட்கார்ந்து திருத்தினேன். அதிலிருந்து ஏவுகணை சுடவே இல்லை. விமானம் ரேடாரில் தெரிகிறது, எல்லைக்குள் வருகிறது, தலைக்கு மேலேயே பறந்து போகிறது. கப்பல் வேடிக்கை பார்க்கிறது. திருத்துவதற்கு முன்னால் நன்றாகச் சுட்டது. சனிக்கிழமை நண்பர்களோடு ஆட்டம். யாராவது உதவுங்கள்.

நங்கூரம்
எந்தக் கப்பல்? எந்த வருடம்? எந்த ஏவுகணை? எந்தெந்த வரிசையைத் தொட்டீர்கள்?

கடல்மைல்
பார்க்காமலே சொல்கிறேன், அலகுதான் பிரச்சினை. நம் அட்டவணையில் தூரமெல்லாம் கடல் மைல். புதிதாக வருகிறவர்கள் கிலோமீட்டரைப் போட்டுவிடுகிறார்கள். 1 கடல் மைல் 1.852 கி.மீ. போன மாதம்கூட ஒருவர் இதே அழுகை.

அலைமோதி
தூரம் எதையும் தொடவில்லை. கப்பல் ஷெஃபீல்டு.

நங்கூரம்
எந்த ஷெஃபீல்டு? 1982-இல் மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல், டைப் 42 வகை (டி80) ஒன்று, அதே பெயரில் 1988-இல் வந்த டைப் 22 (எஃப்96) ஒன்று. பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்துத்தான் இருக்கும். இரண்டாவதில் சீ வுல்ஃப் ஏவுகணை, சீ டார்ட் ஏவுகணையே கிடையாது.

அலைமோதி
மூழ்கியதுதான். 1982-இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய பாக்லாந்து போர் ஆட்டம். ஏவுகணை சீ டார்ட்.

தொடுவானம்
அப்படியானால் பிழையே இல்லை! கப்பலைத் தாக்கும் எக்ஸோசெட் ஏவுகணை கடல் மட்டத்தை ஒட்டி வரும். ஆன்டெனா 25 மீட்டர் உயரம், ஏவுகணை 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் வர்க்கமூலத்தையும் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் சுமார் 28 கி.மீ. அதற்கு முன்னால் எந்த ரேடாருக்கும் தெரியாது. நொடிக்கு 300 மீட்டருக்கு மேல் வருகிற பொருளுக்கு அது சுமார் ஒன்றரை நிமிடம்தான். மே 4 அன்று நிஜத்திலும் ஷெஃபீல்டு ஒரு சீ டார்ட்கூட ஏவவில்லை. உங்கள் ஆட்டம் வரலாற்றைச் சரியாகக் காட்டுகிறது.

அலைமோதி
அண்ணே, எக்ஸோசெட் என்று நான் எங்கே சொன்னேன்? சோதனைக்கு ஒரே ஒரு ஸ்கைஹாக் போர்விமானம் விட்டேன். 3000 மீட்டர் உயரம். நேர்கோடு.

தொடுவானம்
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

கொடிமரம்
இந்த இழையைப் படிக்கவே வேதனையாக இருக்கிறது. இந்தத் தரவுத்தளத்தில் பன்னிரண்டு வருடமாகக் கை வைக்கிறேன். கப்பலைப் பற்றி நாலு பக்கம் படிக்காதவர்கள் திருத்த அனுமதி கேட்கக் கூடாது என்று எத்தனை தடவை சொல்வது? தம்பி, முதலில் என்ன "தப்பு" கண்டுபிடித்தீர்கள், அதைச் சொல்லுங்கள்.

அலைமோதி
மூன்று திருத்தம் செய்தேன்.
ஷெஃபீல்டில் ஃபேலங்ஸ் பீரங்கி இருந்தது, எடுத்துவிட்டேன்.
965 ரேடார் பழசு என்பதால் 1022 போட்டேன்.
909 ரேடார் என்று ஒரே பெயரில் இரண்டு வரி இருந்தது. இரண்டையும் நீக்கிவிட்டு, எண்ணிக்கை 2 என்று ஒரே புது வரியாகப் போட்டேன்.

கொடிமரம்
முதலாவது சரி. டைப் 42 கப்பல்களுக்கு ஃபேலங்ஸ் வந்ததே அந்தப் போருக்குப் பிறகுதான், ஷெஃபீல்டு அதுவரை உயிரோடு இல்லை. யாரோ பிற்கால வரியை நகலெடுத்திருக்கிறார்கள் (நான் இல்லை). இரண்டாவது மகா தப்பு. அந்தப் போரில் 1022 இருந்த டைப் 42 எக்ஸிட்டர். ஷெஃபீல்டு, கோவென்ட்ரி, கிளாஸ்கோ மூன்றும் 965-தான். தாழப் பறப்பதை, அதுவும் கரையை ஒட்டி வந்தால், அது தடுமாறித்தான் காட்டும். அந்தத் தடுமாற்றத்தை எடுத்துவிட்டால் அந்தப் போரே கிடையாது. "பழசு" என்பதால் மாற்ற இது கைபேசி இல்லை.

நங்கூரம்
மூன்றாவதுதான் நோய். சீ டார்ட்டுக்குத் தானாக இலக்கைத் தேடும் ரேடார் கிடையாது. கப்பலிலிருந்து 909 இலக்கின் மேல் கற்றையை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அது பட்டுத் தெறித்து வருவதைப் பிடித்துக்கொண்டு ஏவுகணை போகும். 965-ஓ 1022-ஓ இலக்கைப் பார்த்துச் சொல்லும், அவ்வளவுதான். அதனால்தான் உங்களுக்குத் திரையில் விமானம் தெரிகிறது, ஆனால் சுட முடியவில்லை. அந்தக் கப்பலின் ஏவுதள வரியையும் சென்சார் வரியையும் அப்படியே இங்கே ஒட்டுங்கள்.

அலைமோதி
ஏவுதளம் 3117 | சீ டார்ட், இரட்டைக் கை | 22 | வழிகாட்டி: 2041, 2042
சென்சார் 2057 | 909 | எண்ணிக்கை 2 | வளைவு 360

நங்கூரம்
பார்த்தீர்களா? ஏவுதளம் 2041, 2042 என்ற இரண்டு பேரைக் கூப்பிடுகிறது. அந்த இரண்டு பேரும் வீட்டில் இல்லை. நீங்கள் குடிவைத்த 2057-ஐ அதற்குத் தெரியாது. வழிகாட்டி இல்லாத ஏவுகணையை நிரல் ஏவாது, பிழைச் செய்தியும் தராது.

வழிகாட்டியை 2057 என்று மாற்றி ஒப்பேற்றாதீர்கள். 909 இரண்டு வரியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒன்று முன்னால், ஒன்று பின்னால். ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஓர் இலக்கு. முன்னதற்குப் பின்பக்கம் மேல்கட்டுமானம் மறைக்கும், பின்னதற்கு முன்பக்கம். ஒரே வரியாக்கி 360 பாகை கொடுத்தால், நிஜத்தில் இல்லாத கப்பல் ஒன்று கிடைக்கும். பழைய நகலிலிருந்து இரண்டையும் அதே எண்களோடு திரும்பப் போடுங்கள், 965-ஐயும் சேர்த்து.

கடல்மைல்
இருந்தாலும் அலகை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சுக்கான்
திருத்துவதுதான் திருத்துகிறீர்கள், எக்ஸோசெட்டின் சேத மதிப்பையும் குறையுங்கள். ஷெஃபீல்டில் வெடிமுனை வெடிக்கவே இல்லை. மிச்ச எரிபொருள் எரிந்துதான் கப்பல் போனது.

தொடுவானம்
அது 1982 விசாரணைக் குழு சொன்னது. 2015-இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் மறுபடி ஆராய்ந்து, வெடித்தது என்ற முடிவுக்கு வந்துவிட்டது.

சுக்கான்
33 வருடம் கழித்துக் கணினியில் பார்த்தவர்களை நம்புவதா, கப்பலில் இருந்தவர்களைக் கேட்டவர்களை நம்புவதா?

தொடுவானம்
கப்பலில் இருந்தவர்களிலேயே வெடித்தது என்று சொன்னவர்கள் உண்டு.

கொடிமரம்
வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும் ஒரு கப்பலை வைத்துப் பொது மதிப்பை மாற்ற முடியாது. ஜூன் 12 அன்று கரையிலிருந்து ஏவிய எக்ஸோசெட் கிளாமர்கன் கப்பலில் பட்டது, அது மூழ்கவில்லை. அதற்கு என்ன செய்வீர்கள்? இரண்டு பேரும் வேறு இழை திறந்து சண்டை போடுங்கள்.

சுக்கான்
கொடிமரம் அண்ணன் மட்டும் எந்த இழையிலும் பேசலாம், நாங்கள் பேசக் கூடாது. சரி.

பாய்மரம்
நடுவில் ஒரு சந்தேகம். அர்ஜென்டினாவிடமும் இதே டைப் 42 இரண்டு இருந்தனவே, ஹெர்குலஸ், சாந்திசிமா திரினிடாட். அவற்றின் 909 வரிகளும் இதே 2041, 2042-தானா? அப்படியானால் அலைமோதி நீக்கியதில் அவையும் ஊமையாகியிருக்குமே?

நங்கூரம்
நல்ல கேள்வி. பார்த்தேன், அவற்றுக்குத் தனி எண்கள். ஆனால் கோவென்ட்ரியும் கிளாஸ்கோவும் ஷெஃபீல்டு வரிகளையே பகிர்கின்றன. அலைமோதி, உங்கள் கோப்பில் மூன்று கப்பலும் சுடாது. சனிக்கிழமைக்கு முன் மூன்றையும் சோதியுங்கள்.

அலைமோதி (சனி, மாலை 6.15)
சுட்டது. ஸ்கைஹாக் காலி. நன்றி நங்கூரம் அண்ணா. ஆட்டம் தொடங்குகிறது, வருகிறேன்.

நங்கூரம்
965-ஐத் திரும்பப் போட்டீர்களா? கோவென்ட்ரி?

கொடிமரம் (அடுத்த புதன்)
போடவில்லை. இப்போதுதான் பொதுக் கோப்பைத் திறந்தேன், ஷெஃபீல்டில் இன்னும் 1022 உட்கார்ந்திருக்கிறது. நானே மாற்றிவிட்டேன்.