‘வாங்கி வை’க்கு ஜப்பானிய மொழியில் என்ன?

ஜப்பானிய மொழி படிக்கச் சேர்ந்து மூன்றாவது மாதம். ஆசிரியை பலகையில் ‘தாபெதே மிரு’ என்று எழுதிவிட்டு, அதன் பொருளை ஆங்கிலத்தில் வெகுநேரம் விளக்கிக்கொண்டிருந்தார். தாபெரு என்றால் சாப்பிடு, மிரு என்றால் பார். சேர்த்துப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. சாப்பிட்டுப் பார்! முன்னால் வினையெச்சம், பின்னால் துணைவினை. கண்ணுக்கு அதில் வேலையே இல்லை, நம்மிடம் இல்லாதது போலவே.

அன்றிரவு தூக்கம் வரவில்லை, பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். ‘காத்தே ஓகு’: ஓகு என்றால் வை, ஆக வாங்கி வை. விருந்தாளி வருமுன் பழம் வாங்கி வைக்கிறோமே, அதே முன்னேற்பாடுதான். ‘தாபெதே ஷிமாத்தா’ என்றால் சாப்பிட்டுவிட்டேன். ‘ஐயோ, சாப்பிட்டுவிட்டேனே’ என்ற வருத்தம்கூட அதில் வரும்.

திணறியது ஒரே இடத்தில். ‘தகாய்’ என்றால் விலை அதிகம். நேற்று அதிகமாக இருந்தது என்றால் ‘தகாகத்தா’. பெயரடை எப்படி இறந்தகாலம் காட்டும்? பல நாள் குழம்பிய பிறகு, பள்ளியில் படித்த ‘அவன் கரியன்’ நினைவுக்கு வந்தது. பண்பைச் சொல்லும் சொல்லே பயனிலையாக நிற்கும் குறிப்பு வினைமுற்று. தமிழில் அது காலத்தைக் குறிப்பாக உணர்த்தும், ஜப்பானியத்தில் வெளிப்படையாகவே காட்டும். அப்புறம் அந்தப் பாடம் தடுக்கவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

பதில் 1

எனக்கு ஜெர்மன். முதல் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் ‘இஹ் பின் கால்ட்’ என்றேன். ‘நான் குளிர்’ என்று சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்திலிருந்து எடுத்தது. அவர் சிரித்துக்கொண்டே, அப்படிச் சொன்னால் நீ ஈரமில்லாத மனசுக்காரி என்று ஆகிவிடும், ‘மிர் இஸ்ட் கால்ட்’ என்று சொல் என்றார். மிர் என்றால் ‘எனக்கு’. எனக்குக் குளிர்கிறது! நான்காம் வேற்றுமை. தமிழில் யோசித்திருந்தால் சரியாக வந்திருக்கும். ‘தஸ் பூஹ் கெஃபேல்ட் மிர்’ என்பதும் அப்படித்தான்: அந்தப் புத்தகம் எனக்குப் பிடித்திருக்கிறது. அன்று முதல் ஜெர்மன் வாக்கியம் எதையும் முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். எல்லா இடத்திலும் பொருந்தாது, ஆனால் இந்த ‘எனக்கு’ வினைகளில் பெரும்பாலும் கைகொடுக்கிறது.

பதில் 2

இந்தியில் எனக்குத் தமிழ் உதவவில்லை. நான் ஆண், ‘மைனே ரோட்டி காயா’ என்றேன். கூட வேலை பார்ப்பவர் ‘காயீ’ என்று திருத்தினார். சாப்பிட்டவன் நான், வினை ஏன் பெண்பாலாகிறது? ரோட்டி பெண்பாலாம். மாம்பழம் ஆண்பால், அதற்குக் ‘காயா’ சரி. இறந்தகாலத்தில் எழுவாயோடு ‘நே’ வந்தால், வினை செயப்படுபொருளோடு போய்விடுகிறது. தின்றேன், தின்றாள் என்று வினையிலேயே ஆளைக் காட்டிப் பழகிய நாக்கு இது. இப்போதெல்லாம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் வினையை முடிக்கிறேன்.